பாதைக்கு ஓய்வு கொடுத்தது யார்?

பூம்பாறையில் என்னைவிட இங்கிலீஷ் தெரிந்தவர் யாரும் கிடையாது. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமும் கிடையாது. ஜெயப்பிரியா டீச்சர் என்றால் மன்னவனூர் வரைக்கும் தெரியும். பதினாறு வருடமாக டியூஷன் எடுக்கிறேன். இங்கிலீஷ் பாட்டில் எங்கே உவமை, எங்கே உருவகம், உயிரில்லாததற்கு எங்கே உயிர் கொடுத்திருக்கிறார்கள் என்று என் பிள்ளைகள் சட்டென்று வட்டம் போட்டுக் காட்டுவார்கள். அந்த மார்க்கை எவனாவது விட்டுவிட்டு வந்தால் அன்றைக்கு அவன் தொலைந்தான்.

இவ்வளவு பெருமை பேசுகிறவள்தான் போன மாதம் ஒரு கடுதாசியை வாசித்து, ஊரைக் கவிழ்க்கப் பார்த்தேன்.

மேல் அடுக்குத் தோட்டங்களுக்கும் பஸ் ரோட்டுக்கும் நடுவில் ஒரு பழைய பாதை போகிறது. அதன் இரண்டு பக்க நிலத்தையும் வெளியூர்க்காரர்கள் வாங்கி ரிசார்ட் கட்டுகிறார்கள். மேலே விளைகிற பூண்டெல்லாம் அந்தப் பாதை வழியாகத்தான் இறங்க வேண்டும். அதை விட்டால் சோலைக்காட்டைச் சுற்றி ஒன்றரை மணி நேர நடை, காட்டுமாடு வேறு திரியும். உச்சி அடுக்கில் தனி ஆளாகப் பூண்டு போடுகிற வீரம்மாள் அக்காவுக்கு அந்தப் பாதைதான் பிழைப்பு.

ரிசார்ட் மேனேஜர் மதன் ஒருநாள் வந்து, இங்கிலீஷில் அடித்த ஒரு கடுதாசியையும் கையெழுத்துத் தாளையும் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் பத்து மணிக்குச் சமுதாயக் கூடத்தில் வந்து வாங்கிக்கொள்வாராம். ஊர்க்காரர்கள் நேராக என்னிடம் கொண்டுவந்தார்கள். வேறு யாரிடம் போவார்கள்?

நான் சிவப்புப் பேனாவை எடுத்தேன். பழக்கதோஷம். "தலைமுறை தலைமுறையாக நம்மைச் சுமந்த இந்தப் பாதை களைத்துவிட்டது. இனி அது ஓய்வெடுக்கட்டும்." ஆகா, பெர்சானிஃபிகேஷன் என்று வட்டம் போட்டேன். "நம் பிள்ளைகள் பத்திரமாக நடப்பதை யார்தான் விரும்பமாட்டார்கள்?" பதிலை எதிர்பார்க்காத கேள்வி, அதற்கும் ஒரு வட்டம். கடைசி வரியில் 'பீஸ்ஃபுல், பிரிஸ்டைன், பிரைவேட்' என்று ஒரே ஓசையில் மூன்று வார்த்தைகள் வரிசையாக நின்றன. மோனை! என் பிள்ளைகளில் ஒருத்தர்கூட இப்படி எழுதியதில்லை. அடியில் பத்துக்குப் பத்து போட்டேன். மரியாதையான கடுதாசி, ஊருக்கு நன்றி சொல்லியிருக்கிறார்கள், தாராளமாகக் கையெழுத்துப் போடலாம் என்றேன். முதல் கையெழுத்தும் என்னுடையதுதான். டீச்சரே போட்டாச்சு என்று சாயங்காலத்துக்குள் இன்னும் முப்பத்தொரு பேர் போட்டுவிட்டார்கள்.

வீரம்மாள் அக்கா மட்டும் போடவில்லை. மறுநாள் வெள்ளனே என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"டீச்சர், பாதை ஓய்வெடுக்கப் போகுதுன்னு வாசிச்சீங்களே. அப்ப நான் மூட்டைய எந்த வழியா எறக்குறது?"

எனக்குச் சுள்ளென்று வந்தது. அது ஒரு அணி அக்கா, நிஜமாகவா பாதை படுத்துத் தூங்கும், எழுத்தில் அப்படித்தான் அழகுக்குச் சொல்வார்கள் என்று பாடமே நடத்தினேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"சரிங்க டீச்சர். எங்கூட்டு எருது தானா ஓய்வெடுக்காது, நான் அவுத்துவிட்டாத்தான் படுக்கும். இந்தப் பாதைக்கு ஓய்வு குடுக்குறது யாரு?"

 உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்து, கடுதாசியை மறுபடி எடுத்தேன். இந்தத் தடவை பேனாவைத் தொடவில்லை. பாதை களைத்துவிட்டது என்று எழுதிவிட்டால், அதை அடைக்கிறவன் பேரை எழுத வேண்டியதில்லை. யார்தான் விரும்பமாட்டார்கள் என்று கேட்டுவிட்டால், நாம் மாட்டோம் என்று சொல்ல வாய் வராது. அந்த மூன்று வார்த்தைகளில் முதல் இரண்டும் அமைதி, தூய்மை என்று தாலாட்டிவிட்டு, மூன்றாவது 'இது தனியார் வழி' என்று சத்தமில்லாமல் கதவைச் சாத்துகிறது. ஓசையில் சொக்கிப்போய் அதற்கும் சேர்த்து வட்டம் போட்டிருக்கிறேன், மண்டு! பதினாறு வருடமாக அணியின் பேரைக் கேட்டேனே தவிர, அது அங்கே என்ன சோலி பார்க்கிறது என்று ஒரு பிள்ளையிடமும் கேட்டதில்லை. வெட்கத்தில் காது சுட்டது. அடுத்த நிமிடம் கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்குத் தெம்பும் வந்துவிடும்.

பத்து மணிக்குக் கூடம் நிறைந்திருந்தது. மதன் கையெழுத்துத் தாளை எடுக்கக் கையை நீட்டியபோது, அதை நான் பிடித்துக்கொண்டேன். நேற்று நான் தப்பாக வாசித்துவிட்டேன், என் தப்புக்கு ஊர் கையெழுத்துப் போட்டிருக்கிறது என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். சொல்லக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொன்னேன்.

மதன் சிரித்தார். "மேடம், அதெல்லாம் சும்மா அழகுக்கு எழுதுறதுதானே."

"அப்ப அழகைக் கழிச்சிட்டு விஷயத்தை மட்டும் எழுதுங்க சார். தமிழ்ல, ஒரே வரி."

நல்ல மனிதர், உட்கார்ந்து எழுதினார். 'தற்போதைய சூழ்நிலை பாதையை மூடச் சொல்கிறது' என்று வாசித்துக் காட்டினார்.

"சூழ்நிலைக்கு எப்ப சார் வாய் முளைச்சது? மூடச் சொல்றது யாரு?"

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. அவர் முகம் சிவந்தது. அடித்துவிட்டு மறுபடி எழுதினார், இந்தத் தடவை வெகுநேரம் ஆனது. ஆள் படித்தவர், எதை எழுதுகிறோம் என்று அவருக்கே அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். எழுதியதை என் பக்கம் தள்ளினார். நான் வாங்கவில்லை, நீங்களே வாசியுங்கள் என்றேன்.

"ரிசார்ட் நிர்வாகம் இந்தப் பாதையை அடைத்துத் தனக்கு எடுத்துக்கொள்ள, பூம்பாறை மக்களாகிய நாங்கள் சம்மதிக்கிறோம்."

 வீரம்மாள் அக்கா எழுந்து அவர் மேசைக்குப் போனாள்.

"இப்பத்தான் சார் வெளங்குது. எம் பேருக்கு நேரா மாட்டேன்னு எழுதிக்கங்க."

எழுதினார். அவளுக்குப் பின்னால் நான் போய் நின்றேன். திரும்பிப் பார்த்தால் எனக்குப் பின்னால் வாசல் வரைக்கும் ஆள் நின்றது. முப்பத்து மூன்று மாட்டேன்களையும் மதன் எழுதி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது.