மணப்பாட்டு இறக்கம்

ஒற்றைச் சக்கர மின்வண்டியில் மணப்பாட்டுக் குன்றின் மேல் ஏறுவது ஆசிரியை ஈவாஞ்சலினுக்குச் சிரமமாக இல்லை. முன்னால் சாய்ந்தால் வண்டி தானாகவே மேட்டில் ஏறிவிடும். இறங்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. பின்னால் சாய்ந்தால்தான் வேகம் குறையும். பள்ளத்தைப் பார்த்த பயத்தில் அவள் உடம்போ முன்னால் குனிந்தது. அன்று காலையிலேயே இரண்டு முறை விழுந்துவிட்டாள்.

கணவன் பெனிஸ்டன் அவள் முழங்கைச் சிராய்ப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவினான்.

"போதும் ளா. நம்ம ஊரு நாசரேத்துல சமதரையில ஓட்டிக்கோ. நாளைக்குப் பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க கேட்டா என்ன சொல்லுவ?"

"விழுந்துட்டேன்னு சொல்லுதேன். நீங்க கீழ போயி நில்லுங்க. குறுக்க வந்து பிடிக்கக் கூடாது."

அவன் முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போனான். அவள் கையுறையை இறுக்கிக்கொண்டு மறுபடியும் சக்கரத்தின் மேல் ஏறினாள். இந்த முறை பள்ளத்தைப் பார்க்கவில்லை. தூரத்துக் கடலைப் பார்த்தபடி, நாற்காலியில் உட்காரப் போகிறவள் போல இடுப்பைப் பின்னால் தள்ளினாள். சக்கரம் முனகியது, வேகம் கட்டுப்பட்டது. திருப்பத்தில் வண்டி ஒரு தடவை ஆடியதும் பெனிஸ்டன் பதறிக் கையை நீட்டினான், உடனே இழுத்துக்கொண்டான். அவனைத் தாண்டிப் போய்ச் சமதரையில் நிறுத்திக் காலை ஊன்றினாள்.

"இறங்கிட்டியே ளா!" என்று கத்தியபடி அவன் ஓடி வந்தான்.

"ஒரு தடவ இறங்குனா போதுமா? இன்னொருக்க போயிட்டு வாரேன்," என்றவள் வண்டியை மேட்டுப் பக்கம் திருப்பினாள்.