சுண்ணாம்புச் சுவரில் கறுப்புப் பூச்சிகள்

எங்கள் ஊரில் பெரிய அதிகாரி யார் வந்தாலும் முதலில் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துவிடுவார்கள். செஞ்சிக்கு வெளியே, அவலூர்பேட்டை ரோட்டில் இருக்கும் அரிசி மில்லுக்கும் அடித்தார்கள். அடித்தவர் என் நைனா பச்சைமுத்து. அந்த மில்லின் பாய்லரில் உமி தள்ளித் தள்ளி நெஞ்சைக் கெடுத்துக்கொண்டவர். மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரியை வரவழைத்தவள் நான். புகைபோக்கியில் கரியைப் பிடித்து நிறுத்தும் கருவி வைக்கச் சொல்லி மனு போட்டிருந்தேன். நல்ல குடும்பம்.

இந்தப் புகையில் நின்றால் நுரையீரல் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நைனா வேறு வேலைக்குப் போகமாட்டார். கருவி வைக்கும்வரை மில்லை மூடிவிடுவார்களோ என்றுதான் அவருக்குப் பயம்.

அதிகாரி வந்த காலையில் சுவரைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். சுவர் முழுக்கக் கறுப்பு அந்துப்பூச்சிகள். விளக்குக்கு வந்தவை, விடிந்த பிறகு வழக்கம்போல் அசையாமல் ஒட்டிக்கொண்டிருந்தன. முன்பெல்லாம் சுவரும் கறுப்பு, அவையும் கறுப்பு. யார் கண்ணிலும் பட்டதில்லை. இப்போது கரிச்சான் குருவிகள் ஒயரிலிருந்து பாய்ந்து பாய்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தன.

நான் விலங்கியல் படித்தவள். அதிகாரியிடம் சொன்னேன்.

"சார், இந்த மில்லு வர்றதுக்கு முன்னாடி இதே பூச்சி சாம்பல் வெள்ளையா இருக்கும். கறுப்பு எப்பவாச்சும் ஒண்ணுதான். சுவரு, மரம் எல்லாம் கரி புடிச்சதும் வெள்ளப் பூச்சி பளிச்சுனு தெரிஞ்சி குருவி தின்னுடுச்சி. தப்பிச்ச கறுப்புதான் முட்டை வுட்டுப் பெருகிச்சி. இதவிட இன்னா சாட்சி வேணும்?"

மில் முதலாளி தனசேகரன் சிரித்தார். "பூச்சிக்கு சாட்சி சொல்லத் தெரியுமா மஞ்சு?" அன்று பாய்லரை அவர் பற்றவைக்கவே விடவில்லை. புகைபோக்கி பரம சாதுவாக நின்றது.

அதிகாரி நல்ல மனுஷர்தான். "பூச்சிய வெச்சி நான் ரிப்போர்ட் எழுத முடியாதும்மா. ஆளு யாராச்சும் சொன்னா எழுதலாம்" என்றவர், நைனா பக்கம் திரும்பினார். "புகையால உங்களுக்கு எதுனா தொந்தரவு இருக்குதா பெரியவரே?"

நைனா என்னைப் பார்த்தார். முதலாளியைப் பார்த்தார். நெஞ்சிலிருந்து இருமல் ஏறி வந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. வாயை இறுக மூடிக்கொண்டு அதை விழுங்கினார்.

"ஒண்ணும் இல்ல சார். நல்லாத்தான் இருக்குறேன்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அழுகையாவது வந்திருக்க வேண்டும். இரண்டும் வரவில்லை. கரிச்சான் அடுத்த பூச்சியைக் கொத்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜீப் கண்ணுக்கு மறைந்ததும் நைனாவுக்கு இருமல் வெடித்தது. குனிந்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு, இருமி இருமித் துப்பினார். கறுப்பாக விழுந்தது. அதில் சிவப்பும் இருந்தது. முதலாளி பார்ப்பதற்குள் காலால் மண்ணைத் தள்ளி மூடினார். நான் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

மூச்சு திரும்பியதும் என்னிடம் கேட்டார்: "நாளைக்கு மில்லு ஓடும் இல்ல?"

"ஓடும் நைனா" என்றேன்.