பச்சை டிக்

எங்கள் ஒரகடம் ஆலையில் உற்பத்தி லைனில் வேலை செய்பவர்கள் செல்போனைக் கேட்டிலேயே லாக்கரில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். உள்ளே யாருக்கு எதைச் சொல்வதென்றாலும் நான்தான் ஐ.டி. அறையிலிருந்து பாப்-அப் அனுப்புவேன். லைன் கம்ப்யூட்டரில் திரையை மறைத்துக்கொண்டு வந்து நிற்கும். ஓகே அமுக்கினால்தான் அடுத்த பாகத்தை ஸ்கேன் செய்ய முடியும். அமுக்கியதும் என் திரையில் அவர் பெயரும் பச்சை டிக்கும் விழும்: படித்துவிட்டார்.

படித்தார்களாம்! எச்.ஆர். மேனேஜர் சங்கரநாராயணன் சார் அனுப்பச் சொல்லும் கண்றாவியை எவன் படிப்பான்? 'புன்னகையோடு உழைப்போம்.' 'இன்று கேன்டீனில் பாயசம்.' அவருடைய பிறந்தநாளுக்கு அவரே எழுதிக் கொடுத்த வாழ்த்து. லைன் சூப்பர்வைசர் நடேசன் புதுப் பையன்களுக்குச் சொல்லும் முதல் பாடமே இதுதான்: "பாப்-அப் வந்தா படிச்சிகினு நிக்காத. ஓகே தட்டிட்டு போய்கினே இரு. லைன் நின்னா என் உசுர எடுப்பாங்க."

அன்று காலை கேட்டிலிருந்து செக்யூரிட்டி அப்பாவு கூப்பிட்டார். "ஏம்மா ஜெனிஸ், இசக்கிபாண்டின்னு ஒரு பையன் கீறான்ல? அவன் அக்கா போன்ல அழுவுது. உனக்குத் திருப்பி வுடறேன், நீயே பேசு."

இசக்கிபாண்டி அம்பாசமுத்திரத்துக்காரன். சுங்குவார்சத்திரத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்தான். அக்கா மாடத்தி ஆஸ்பத்திரியிலிருந்து பேசினாள். "அம்மைக்கு மூச்சு விட முடியல. தொண்டையில குழாய் போடப் போறாவளாம். போட்டுட்டா பேச முடியாதாம். அதுக்கு முன்னால தம்பி குரலக் கேக்கணும்னு கெடந்து தவிக்கா. சட்டுனு கூப்பிடுங்க."

போனை வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சாரிடம் ஓடினேன். அவர் அனுமதியில்லாமல் எதுவும் போகக் கூடாது. "ஆஸ்பத்திரி அது இதுன்னு போடாதேம்மா, லைன்ல மத்தவங்க மூடு கெட்டுடும். 'இசக்கிபாண்டி கேட்டுக்கு வரவும்'னு போடு, போதும்" என்றார்.

அனுப்பினேன். அடுத்த நொடியே டிக் விழுந்தது, இசக்கிபாண்டியின் பெயரிலேயே. "படிச்சிட்டான், வந்துட்டே இருப்பான்" என்று மாடத்தியிடம் சொன்னேன். "எம்மா, தம்பி வாரான்" என்று அவள் அம்மாவிடம் சொல்வது எனக்கும் கேட்டது.

அவன் வரவில்லை. அப்பாவு மறுபடி கூப்பிட்டுக் கேட்டதும் லைனுக்கு ஓடினேன். மஞ்சள் கோட்டருகே நடேசன் மறித்தார். "இன்னாம்மா, சேஃப்டி ஷூ இல்லாம எங்க வர்ற?"

அங்கிருந்தே தொண்டை கிழியக் கத்தினேன். இசக்கிபாண்டி கேட்டுக்கு ஓடிப் போய்ச் சேர்ந்தபோது குழாயைப் போட்டுவிட்டிருந்தார்கள். அன்று சாயங்காலமே அம்மா போய்விட்டாள்.

"எனக்கு மெசேஜ் அனுப்பலியாக்கா?" என்று ஊருக்குக் கிளம்பும்போது கேட்டான். பக்கத்தில் நின்ற நடேசன் சொன்னார்: "வந்துச்சுடா. நீதான் ஓகே தட்டிகீற." அவன் தன் விரலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

மறுநாள் சார் அந்த டிக்கைப் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொண்டார். "அவனே படிச்சிருக்கான். கம்பெனி மேல தப்பில்ல. என் பேர்ல ஒரு இரங்கல் மெசேஜ் எழுதி எல்லா சிஸ்டத்துக்கும் அனுப்பிடும்மா."

உட்கார்ந்து அடித்தேன்: 'இசக்கிபாண்டியின் அம்மா மகன் குரலைக் கேட்காமலே செத்துப்போனாள். குப்பையை அனுப்பி அனுப்பி, எதையும் படிக்காமல் ஓகே அமுக்க அவனைப் பழக்கியது நான்தான். இப்படிக்கு, சங்கரநாராயணன், எச்.ஆர்.' வேலை போகும் என்று தெரிந்தேதான் அனுப்பினேன். கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

டிக்குகள் மளமளவென்று விழுந்தன. நடேசன் படித்துவிட்டார். சங்கரநாராயணன் சாரும் படித்துவிட்டார். போன் அடித்தது.

"பார்த்தேம்மா, ரொம்ப உருக்கமா எழுதியிருக்கே" என்றார் சார். "அப்படியே நாளைக்குப் பாயசம் மெசேஜையும் ரெடி பண்ணி வெச்சிடு."