மறுக்கட்டும்

1952 ஆகஸ்ட் 5, செவ்வாய். இன்று ஒரு சிறு தவறு. மாலை இங்கிலீஷ் வகுப்பில் 'டிக்ளைன்' என்ற சொல்லுக்கு ஜெபதாஸ் சார் இரண்டு பொருள் சொன்னார். முதலாவது, மறுத்தல். இரண்டாவதைச் சொல்லும்போது நான் பேனாவுக்கு மை ஊற்றிக்கொண்டிருந்தேன். திரும்பக் கேட்கக் கூச்சம். வெள்ளிக்கிழமை வகுப்பில் கேட்க வேண்டும்.

ஞானதாசன் டைரியில் இப்படி எழுதிவைத்த மறுநாளே அந்தக் கடிதம் வந்துவிட்டது. பக்கத்து வீட்டுச் சிலுவைதாசன், ரப்பர் வெட்டுகிறவன், அதைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். அவன் மனைவி ராகேல் நாகர்கோவிலுக்கு அப்பால் ஒரு காசநோய் ஆஸ்பத்திரியில் இரண்டு மாதமாகக் கிடக்கிறாள்.

"வெள்ளைக்கார நர்ஸம்மா எழுதியிருக்கா. படிச்சுச் சொல்லு மக்கா."

ஒரே வரிதான். 'ராகேல் இஸ் டிக்ளைனிங் ஃபாஸ்ட்.' ஞானதாசன் வகுப்பு நோட்டைப் புரட்டினான். டிக்ளைன், மறுத்தல். ஃபாஸ்ட் சபையில் பழகிய சொல். பெரிய வெள்ளிக்கு இருக்கிற உபவாசம்.

"அக்கா மறுக்காவளாம், அண்ணே. சாப்பிடாம உபவாசம் இருக்காவளாம். ஆனா வேற அர்த்தமும் உண்டு. சாரிட்ட கேட்டுட்டு..."

"கேக்க என்னலே இருக்கு? போன தடவை, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போன்னு கட்டிலப் பிடிச்சு அழுதா. ஏசிட்டு வந்தேன். அந்த வீம்பாக்கும். கலியாணத்தன்னைக்கும் எங்க அம்மைகிட்ட கோவிச்சுப் பட்டினி கெடந்தவளுல்லா!"

பயம் விலகிச் சிலுவைதாசன் சிரித்தான். "எழுதுலே. மறுக்கட்டும், நான் வரமாட்டேன். பசிச்சா தானா திம்பா."

'லெட் ஹெர் டிக்ளைன். ஐ வில் நாட் கம்.' புதிதாகப் படித்த சொல்லைத் தானே ஒரு வாக்கியத்தில் வைத்ததில் ஞானதாசனுக்குச் சற்றுப் பெருமை. எழுத்துக்கூட்டலை இரண்டுமுறை சரிபார்த்துக் கார்டைத் தபால் பெட்டியில் போட்டான்.

வெள்ளிக்கிழமை மாலை வகுப்பில் கேட்டான். ஜெபதாஸ் சார் கரும்பலகையில் மேலிருந்து கீழே சரிவாக ஒரு கோடு இழுத்தார். "இப்படி எறங்குறது. நோயாளியச் சொன்னா, தேஞ்சு போறது."

"ஃபாஸ்ட் சேர்ந்தா, சார்?"

"வேகமா. ஆளு முடியப் போகுதுன்னு அர்த்தம்."

"உபவாசம் இல்லியா சார்?"

வகுப்பே சிரித்தது. அவன் நோட்டைக்கூட எடுக்காமல் வெளியே ஓடினான்.

சிலுவைதாசன் முற்றத்தில் ரப்பர் ஷீட்டுகளைக் கொடியில் விரித்துக்கொண்டிருந்தான். சொன்னதை முழுதும் கேட்டான். அடிக்கவில்லை, ஏசவில்லை. ஷீட்டின் நுனியை இழுத்து நேராக்கினான்.

"கார்டு போய்ச் சேந்திருக்குமாலே?"

"நேத்தே சேந்திருக்கும்."

"நர்ஸம்மாவுக்குத் தமிழ் எழுதத்தான் தெரியாது. நல்லாப் பேசுவா. ராகேலுக்குப் படிச்சுச் சொல்லியிருப்பா, என்னா?"

அந்த வரி தமிழில் எப்படிப் போயிருக்கும் என்று ஞானதாசனுக்கு இப்போது தெரியும். சாகட்டும், நான் வரமாட்டேன். சிலுவைதாசன் அவன் முகத்தைப் பார்த்தான். பிறகு, காலையில் முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டான்.

ஆகஸ்ட் 8, வெள்ளி. டிக்ளைன், இரண்டாம் பொருள்: நலிந்துபோதல். ஃபாஸ்ட், இரண்டாம் பொருள்: வேகமாக. நாளை முதல் பஸ்ஸில் அண்ணனோடு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கார்டைத் தப்பாக எழுதியவன் நான் என்று ராகேல் அக்காவிடம் சொல்ல வேண்டும்.