கிளி இல்லாத பக்கம்

1

இப்போது யாருக்கும் பொறுமை இல்லை. பிள்ளைக்குப் பல் முழுசாக முளைக்கவில்லை, அதற்குள் ஈராயிரம் வருஷத்துப் பாட்டை ஊட்டிவிட வேண்டும். சோறு ஊட்டும்போது செல்போன், ஊட்டி முடித்தால் இலக்கியம். மண் தின்கிற வயதில் இது என்ன அவசரம் என்று கேட்டால், "உனக்குத் தெரியாது" என்கிறார்கள். தெரியாதுதான். நான் ஐந்தாவதோடு நின்றவன்.

இந்தக் கதையே அப்படி ஒரு புத்தகத்தால் வந்தது. பலகை மாதிரி கெட்டி அட்டை. பத்துப் பக்கம். முனையெல்லாம் மழுங்கல், பிள்ளை கடித்தாலும் கிழியாது. பழைய பாட்டுகளில் வரும் பூ, பறவை, கடல் இவற்றை வைத்து நிறம் சொல்லித் தருகிறார்களாம். என் மகள் வினோதினி தன் பையன் தணிகைவேலுக்கு வாங்கினாள். அவனுக்கு மூன்று வயது முடிய இன்னும் இரண்டு மாதம்.

இதைப் பேசினால் எனக்குக் கோபம் வருகிறது. எழுதும்போது கோபம் வந்தால் பேனாவை மூடிவிடலாம். அதனால் எழுதுகிறேன்.

2

தொடக்கம் மூன்று தரம் எழுதினேன்.

"பச்சைப்பசேல் என்ற வயல்களுக்கு நடுவே பண்டசோழநல்லூரில்..." அடித்துவிட்டேன். காரணம் பிறகு.

"தையலம்மாள் ஒரு பொல்லாத மாமியார். அவள் வாயைத் திறந்தால்..." இதையும் அடித்துவிட்டேன். தையலம்மாள் என் மகளின் மாமியார், எனக்குச் சம்பந்தி. பொல்லாதவள் என்று எழுதினால் கதை தானாக ஓடும். ஆனால் என் மனைவி இல்லாத குறை தெரியாமல் மகளுக்குப் பிரசவம் பார்த்து, மூன்று மாதம் பத்தியச் சோறு போட்டவள் அவள்தான். அதை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது?

"ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே போயிருந்தேன்." இதில் பொய் இல்லை. இது இருக்கட்டும்.

3

கூடத்தில் மகள் பையனை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"தணிகை, கிளி எங்க?"

"இல்ல."

"நல்லா பாரு கண்ணு. பச்சைக் கிளி. எங்க இருக்குது?"

"இல்ல."

தையலம்மாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். "ஒரு வாரமா இதே கூத்துதான் சம்பந்தி. பச்சைய காட்டுடான்னா செவப்ப காட்டுறான். கிளி எங்கடான்னா இல்லன்றான். எங்க வூட்டுல மந்தமா ஒருத்தரும் பொறந்ததில்ல."

மகள் பையனின் தலையைக் கோதினாள். என் மருமகன் புகழ்வேந்தன், புத்தி மந்தமான பிள்ளைகளைப் பார்க்கிற ஒரு டாக்டரிடம் அடுத்த வாரத்துக்குப் பெயர் பதிந்துவிட்டாராம். அதைச் சொல்லும்போதும் தையலம்மாள் சத்தம் போடவில்லை. [பல்லைக் கடித்தாள் என்று எழுதியிருந்தேன். கடிக்கவில்லை.]

புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். தினைக்கொல்லை. பரண்மேல் ஒரு பெண், கையில் கவண். கோடு போடாமல் வெறும் வண்ணத்தை அப்பி வைத்திருந்தார்கள். பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"கிளியே இல்லம்மா. அச்சுல வுட்டுட்டானுங்க. ஏமாத்துக்காரப் பசங்க. புள்ள சரியாத்தான் சொல்லுது."

"யப்பா, வெளாடாத."

"நான் இன்னாத்துக்கு வெளாடுறேன்? எங்க கிளி, காட்டு."

"இதோ ஒண்ணு. இதோ ரெண்டு. இங்க மூணு."

அவள் விரல் தொட்ட இடத்திலெல்லாம் தினைதான் இருந்தது. சொன்னேன். மகள் புத்தகத்தை விட்டுவிட்டு என்னையே பார்த்தாள்.

(* சின்ன வயதில் நானும் கம்பங்கொல்லையில் கிளி ஓட்டியிருக்கிறேன். கிளி கத்தும், கத்துகிற பக்கம் கல்லெறிவேன். ஓடிப்போகும். அட்டையில் இருக்கிற கிளி கத்துவதில்லை. பாட்டுக் கட்டினவருக்குக் கொல்லை தெரிந்திருக்கும். புத்தகம் போட்டவருக்குத் தெரியுமா என்பது என் சந்தேகம்.)

4

மறுநாள் கிருமாம்பாக்கத்தில் கண் முகாம். மகள் பையனைத் தூக்கிக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். அங்கே இருந்த பெண்ணும் ஒரு புத்தகத்தைத்தான் நீட்டினாள். பக்கமெல்லாம் புள்ளி.

"இதுல இன்னா நம்பர் தெரியுது தாத்தா?"

"நம்பர் ஏது? புள்ளிதான் கொட்டிக் கெடக்குது."

"இதுல?"

"இதுலயும் இல்ல. ஊர்ல எல்லாரும் இப்படி புக்கு போட ஆரம்பிச்சிட்டீங்களா?"

அவள் சிரித்தாள். பிறகு சிரிக்காமல் மகளிடம் சொன்னாள்: சிவப்பும் பச்சையும் எனக்குப் பிரிந்து தெரியாதாம். பிறவியிலேயே அப்படியாம். தாத்தாவுக்கு இருந்தால் மகள் வழியாகப் பேரனுக்கும் வரலாமாம். பையனுக்கு இப்போதே உறுதியாகச் சொல்ல முடியாது, இன்னும் கொஞ்சம் வளரவேண்டும். "ஆனா இதுக்கும் புத்திக்கும் சம்பந்தமே இல்லக்கா."

எழுபத்திரண்டு வயது எனக்கு. மிளகாய்க்கொல்லையில் எது பழம் என்று மனைவியைக் கேட்டுத்தான் பறிப்பேன். தக்காளியை அமுக்கிப் பார்ப்பேன். எல்லாரும் அப்படித்தான் என்று இருந்துவிட்டேன்.

[அந்தப் "பச்சைப்பசேல்" இதனால்தான் போனது. ஊரார் சொல்லக் கேட்டு நானும் சொல்லிக்கொண்டிருந்த வார்த்தை. பார்க்காததை எழுதமாட்டேன்.]

பஸ்ஸில் மகள் சொன்னாள், "நீ வந்து எங்க அத்த எதிர்ல சொல்லுப்பா. நான் சொன்னா சாக்கு சொல்றேம்பாங்க."

"சொன்னா இன்னா ஆவும்னு தெரியுமா? உங்கப்பன் வூட்டுக் கோளாறு, நீ கொண்டாந்ததுன்னு காலத்துக்கும் குத்துவா."

"என்னைய குத்தட்டும்பா. என் புள்ளய மந்தம்னு சொல்ல வேணாம்."

பையன் அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் முகம் எப்படி இருந்தது என்றால்... வேண்டாம்.

5

முடிவும் இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன்.

(அ) தையலம்மாள் கேட்டதும் கண்கலங்கி மருமகளைக் கட்டிக்கொள்கிறாள். இது டிவியில் நடக்கும்.

(ஆ) தையலம்மாள் தெருவே கேட்கும்படி கத்துகிறாள். மகள் பெட்டியோடு என் வீட்டுக்கு வருகிறாள். இதை எழுதும்போது கை ஓடவில்லை. எழுதினால் பலித்துவிடுமோ என்று பயம். படித்தவர்களுக்கு இந்தப் பயம் உண்டா?

6

போனேன். தையலம்மாள் உட்காரச் சொன்னாள். உட்காரவில்லை.

"அந்த புக்கு எடுங்க" என்றேன். எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்தாள். "இதுல எனக்கு ஒரு கிளியும் தெரியல. கண்ணுக் கோளாறாம். எங்கிட்டேர்ந்து வந்ததுதான் பையனுக்கும் இருக்கலாம்றாங்க. திட்டணும்னா என்னைய திட்டுங்க. எம்பொண்ண வேணாம்."

"ஒண்ணுகூடவா தெரியல?"

"ஒண்ணுகூட."

புத்தகத்தை என் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். தள்ளிப் பிடித்தாள். நான் தலையாட்டினேன். அவள் பக்கத்தை ஒரு தரம் பார்த்தாள், என்னை ஒரு தரம் பார்த்தாள். பிறகு பையனை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

"அப்ப இல்லன்னு நீ சொன்னது நெசந்தானா? நாந்தான் ஒரு வாரமா உன்ன போட்டு ஆட்டி வச்சனா?"

"இல்ல" என்றான் அவன். அவனுக்குத் தெரிந்த பதில்.

மகள் சமையல்கட்டுக்குள் போய்விட்டாள். குழாயைத் திறந்துவிடும் சத்தம் கேட்டது.

இங்கே நிறுத்தினால் நல்ல கதை என்பீர்கள். எனக்கு ஒப்பவில்லை. இது என் எதிரில் சொன்னது. மருமகன் வந்ததும் என்ன சொல்வாள்? டாக்டரிடம் பதிந்ததை எடுத்துவிடு என்பாளா, அந்த வீட்டு ரத்தம் என்பாளா? நாளைக்கு ஒரு குழம்பில் உப்புக் கூடினால் அன்றைக்கு என்ன சொல்வாள்? அதை நான் எழுதமாட்டேன். உங்களுக்கு மனிதர்கள்மேல் நம்பிக்கை இருந்தால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

"சாப்புட்டு போங்க சம்பந்தி" என்றாள். குரலில் குறை ஒன்றும் இல்லை. இருந்தாலும் செருப்பை மாட்டிக்கொண்டேன். தெருமுனை வரைக்கும் காதை மட்டும் பின்னால் விட்டு நடந்தேன். சத்தம் எதுவும் வரவில்லை. சத்தம் வரவில்லை என்பதற்காக நம்பிவிட முடியுமா? பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.