வாசல் விளக்கில் என்ன குறை?

முதல் விளக்கை வாங்கி ஒன்பது நாள் ஆகியிருந்தது. பத்து நாளுக்குள் போனால்தான் கடையில் மாற்றித் தருவார்கள். அதற்கு மேல் அந்தக் கடைக்குள் நுழைய எனக்கு ஒரு காரணமும் இருக்காது.

அதனால் குறை சொல்ல மூன்றாவது முறையாகப் போனேன்.

எங்கள் வீடு பிள்ளைப்பாக்கத்தில். கேட்டிலிருந்து வீடு வரை நீளமான வாசல். ஒரு பக்கத்தில் அம்மா இரண்டு அறைகள் கட்டி, கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறாள். குளியலறை எதிர்ப்பக்கம், மூலையில். ஷிப்ட் முடிந்து வேனில் வந்து இறங்குகிறவர்கள் போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார்கள். போன மாதம் மாடத்தி அக்கா குழாயடியில் வழுக்கி விழுந்தாள். கோவில்பட்டிக்காரி, மூன்று வருடமாக எங்கள் வீட்டில் குடியிருக்கிறாள். முழங்காலில் கட்டோடு வந்து அம்மாவிடம் சொன்னாள்.

"வாடகைய ஏத்துங்க, வேண்டாங்கல. ஒரு லைட்டப் போட்டுட்டு ஏத்துங்க."

அம்மா என்னைப் பார்த்தாள். "நீதான பிசிக்ஸ் படிச்ச? நல்ல வெளிச்சமா, வெல கம்மியா ஒண்ணு வாங்கினு வா. கரண்ட் பில்லு ஏறக் கூடாது, சொல்ட்டேன்."

கடை சுங்குவார்சத்திரத்தில், எங்கள் கம்பெனி வேன் நிற்கும் இடத்துக்கு எதிரே இருக்கிறது. கடைக்காரர் பெயர் கோமதிநாயகம். வயது முப்பதுக்குள்தான் இருக்கும். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து இங்கே ஒரு கம்பெனிக்கு வேலைக்கு வந்தவர். ஒப்பந்தம் முடிந்ததும் ஊருக்குத் திரும்பாமல் கடை வைத்துவிட்டார்.

எனக்குப் பேச்சு மெதுவாகத்தான் வரும். ஒரு வாக்கியத்தை மனதுக்குள் முழுதாகச் செய்து முடித்த பிறகே வாயைத் திறப்பேன். அதற்குள் எதிரில் இருப்பவர்கள் அதை அவர்களே முடித்துவிடுவார்கள், பெரும்பாலும் தவறாக. கம்பெனியில் நான் சரக்கைச் சோதிக்கும் லைனில் அந்தத் தொல்லை இல்லை. ஷிப்ட் முழுக்க லென்ஸ் வழியாகச் சின்னச் சின்னப் பாகங்களைப் பார்ப்பேன். குறை இருந்தால் சிவப்புத் தட்டில் போடுவேன். பேச வேண்டியதில்லை.

முதல் நாள் அவர் கேட்டார், "வாசல் எவ்வளவு நீளங்க?"

நான் யோசித்தேன். அவர் காத்திருந்தார். எனக்குப் பின்னால் வந்த ஒருவர் ஒயர் கேட்டார். "இருங்க அண்ணாச்சி, இவங்க சொல்லிட்டு இருக்காங்கல்லா" என்றார் கடைக்காரர்.

நான் அதுவரை ஒரு சொல்கூடச் சொல்லியிருக்கவில்லை.

"நாப்பதடி. அகலம் இருபது இருக்கும்."

"அப்ப அம்பது வாட்ஸ் எடுத்துருங்க."

"அவ்ளோ வேணாங்க." மறுபடி யோசித்தேன். மறுபடி காத்திருந்தார். "வாட்ஸ் கரண்ட்டோட கணக்கு. வெளிச்சத்துக்கு லூமென் பாக்கணும். முப்பது வாட்ஸ்ல மூவாயிரம் லூமென் இருந்தாப் போதும். உயரமா மாட்டி, கீழ பாத்த மாதிரி சாய்ச்சு வெச்சிடலாம். மழ படும், தண்ணி உள்ள போகாததா வேணும்."

அந்த வருடத்தில் ஓர் அந்நியரிடம் நான் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

அவர் ஒரு பெட்டியைத் திருப்பி, பின்னால் இருந்த சின்ன எழுத்தைப் படித்தார். "மூவாயிரத்து முந்நூறு போட்டிருக்கு. அட, நான் இத்தன நாளா வாட்ஸச் சொல்லியே வித்துட்டு இருக்கேன்." வெட்கமே இல்லாமல் சிரித்தார். புதுக் கம்பெனிச் சரக்கு, அதனால்தான் விலை குறைவு என்றார். விளக்கை மேசை மேலிருந்த சுவிட்ச் பலகையில் செருகி எரிய வைத்துக் காட்டிவிட்டு, அதன் முதுகில் மார்க்கரால் தேதியை எழுதிக் கொடுத்தார்.

அன்று மாலை விளக்கு மதிலிலிருந்து மதில் வரை எரிந்தது. "ஊசி விழுந்தாக்கூட எடுத்துரலாம்" என்றாள் மாடத்தி அக்கா. அம்மா கேட்டுக்கு வெளியே போய் நின்று பார்த்துவிட்டு, தெருவில் போன இரண்டு பேரிடம் விலையைச் சொன்னாள். விளக்கில் ஒரு குறையும் இல்லை. எனக்கு மட்டும் அது வருத்தமாக இருந்தது.

மூன்று நாள் பொறுத்தேன். பிறகு ஏணியில் ஏறிக் கழற்றி எடுத்துக்கொண்டு போய், கண் கூசுகிறது என்றேன். அவர் பேச்சோடு பேச்சாக என் லென்ஸ் வேலையைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்டு, வெள்ளைக்குப் பதிலாக இளமஞ்சள் வெளிச்சம் தருகிற ஒன்றைக் கொடுத்தார். அடுத்த முறை, வெளிச்சம் நடுங்குகிறது என்றேன். போன் கேமராவை விளக்குக்கு நேராகப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். நடுங்கினால் திரையில் கோடு கோடாகத் தெரியும். ஒரு கோடும் இல்லை.

"எனக்குத் தெரியல. ஆனா ஒங்க கண்ணு லென்ஸ்லயே பாத்துப் பழகுன கண்ணு" என்று சொல்லி வேறு விளக்கு தந்தார்.

அன்று மழை. கடையில் வேறு யாரும் இல்லை. வேன் வரவும் நேரம் இருந்தது. இன்னும் கொஞ்சம் பேச வேண்டும் போலிருந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் என் வேலைதான், அதைச் சொன்னேன். ஒரே லாட்டில், அதாவது ஒரே தொகுப்பாக, வந்த சரக்கில் மூன்று குறை வந்துவிட்டால், நாங்கள் மிச்சத்தைப் பார்க்கவே மாட்டோம், முழு லாட்டையும் திருப்பி அனுப்பிவிடுவோம் என்று. அவர் கவனமாகக் கேட்டார். அவர் கேட்கிற விதத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். என்ன சொல்கிறேன் என்பதை நான் கவனிக்கவில்லை.

ஒன்பதாம் நாள் வெறுங்கையோடு போனேன். இனி விளக்கில் கைவைத்தால் கையை உடைப்பேன் என்று அம்மா சொல்லியிருந்தாள்.

"ஓரத்துல இருட்டா இருக்குங்க" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "இது மூணாவதுல்லா" என்று மெல்லச் சொல்லிக்கொண்டார். பிறகு, "சாயங்காலம் நானே வந்து பாக்கேன்" என்றார்.

நான் வீடு வரும்வரை அந்த ஒரு வாக்கியத்தையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு பைக்கில் வந்தார். கையில் ஒரு மீட்டர். அம்மா நாற்காலி எடுத்துப் போட்டாள்.

"குந்து தம்பி. எனக்கு மொத நாள்லேர்ந்தே நல்லாத்தான் தெரிஞ்சிது. இவளுக்குத்தான் எதுவுமே புடிக்கல. இன்னாத்துக்கு மாத்திகினே கீறான்னு அந்த ஆண்டவனுக்குத்தான் தெரியும்."

"சும்மா பாக்கவங்களுக்குத் தெரியாதும்மா. இவங்க அதுக்குன்னே வேலை பாக்கவங்க" என்றார் அவர்.

மாடத்தி அக்கா அறை வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவர் பேச்சைக் கேட்டதும் தலையை நிமிர்த்தினாள். "எந்த ஊரு?"

"சங்கரன்கோவில் பக்கம்."

"அதான பாத்தேன். நமக்குக் கோவில்பட்டி. பேரு?"

சொன்னார்.

"கோமதிநாயகமா? எங்க தாத்தா பேருல்லா அது."

"எங்க தாத்தா பேருந்தான். எனக்கு வச்சிட்டு அவரு போயிட்டாரு."

அம்மா சிரித்தாள். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். அவர் ஏறி மின்னழுத்தத்தை அளந்தார். சரியாக இருந்தது. இறங்கி, வாசலின் நான்கு மூலைகளுக்கும் நடந்தார். குளியலறைச் சுவரோரம் குந்தி, கிழிந்து கிடந்த ஒரு சோப்பு உறையை எடுத்து அதிலிருந்த எழுத்தைப் படித்துப் பார்த்தார். மறுபடி விளக்கைப் பார்த்தார். மறுபடி உறையைப் படித்தார்.

மாடத்தி அக்கா என் காதருகே வந்தாள். "ஏட்டி, இவரு லைட்டத் தவிர வேற எதையும் பாக்க மாட்டாரு போலிருக்கே."

"சும்மா இருங்கக்கா."

"நான் சும்மாதான் இருக்கேன். நீதான் மூணு தடவ அலைஞ்சிருக்க."

அம்மா டீ கொண்டுவந்தாள். அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"எனக்கு ஒண்ணும் புரியலம்மா. அந்த லாட்டுல நாப்பது வந்துச்சு. பதினாலு வித்துட்டேன். மூணு கொறை வந்தா முழுசும் போச்சுன்னு இவங்க அன்னைக்குச் சொன்னாங்க. அதான், வாங்குன எல்லாருக்கும் மத்தியானமே போன் போட்டுட்டேன், நாளைக்குக் கொண்டாந்து ரூவாய வாங்கிக்கங்கன்னு. மிச்சத்த டீலர்ட்ட திருப்பிருவேன்."

நான் ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டு அவரைப் பார்த்தேன்.

"டீலர் ரூவா தருவானா?" என்று கேட்டாள் மாடத்தி அக்கா.

"கொறை என்னன்னு அவனுக்குக் காட்டணும்லா. எனக்கே கண்டுபிடிக்க முடியல." சிரிக்கப் பார்த்தார். "அதுக்காவ விக்க முடியுமா? வாங்குறதெல்லாம் ஷிப்ட் முடிச்சு இருட்டுல நடக்குற புள்ளைக."

"கட தாங்குமா தம்பி?" என்றாள் அம்மா.

"பாப்பம். தாங்காட்டி ஊர்ல மாமா மோட்டார் ரிப்பேர் கடை வச்சிருக்காரு. அங்க போயி நிக்க வேண்டியதுதான்."

டீயைக் குடித்து முடித்தார். டம்ளரைத் தானே குழாயடியில் கழுவி வைத்தார். போய்வருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, ஹெல்மெட்டை மாட்டி வண்டியைக் கிளப்பினார்.

நான் கேட்டுக்கு நடந்தேன். அம்மா பார்க்கிறாள், மாடத்தி அக்கா கீரையை விட்டுவிட்டுப் பார்க்கிறாள் என்று திரும்பாமலே தெரிந்தது. நான் கணக்குப் போட்டு வாங்கிய வெளிச்சம் கேட் வரை சீராக விழுந்திருந்தது. ஒதுங்கி நிற்க ஒரு நிழல்கூட இல்லை.

"திருப்பிக் குடுக்காதீங்க" என்றேன். "லைட் நல்லா இருக்கு."

"எனக்காவப் பாவப்பட்டுச் சொல்லாதீங்க. கூசுதுன்னு சொன்னீங்க. நடுங்குதுன்னு சொன்னீங்க. ஓரத்துல இருட்டுன்னு சொன்னீங்க."

"கூசல. நடுங்கல. ஓரத்துல இருட்டும் இல்ல. மொத லைட்டே நல்லாத்தான் இருந்துச்சு. அந்தப் பதினாலு பேருக்கும் மறுபடி போன் பண்ணிச் சொல்லிடுங்க."

அவர் வண்டியை அணைத்தார். ஹெல்மெட்டைக் கழற்றி டேங்க் மேல் வைத்தார்.

"அப்ப எதுக்கு மூணு தடவ வந்தீங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார். நான் நின்றேன். என் வாக்கியம் இன்னும் தயாராகவில்லை. ஒரு சொல்லை வைத்தேன், எடுத்தேன், வேறொன்றை வைத்தேன். அவருக்கு அவசரமில்லை. தெருவில் ஒரு கம்பெனி வேன் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"வாயத் தொறந்து சொல்லேன்டி, அந்தத் தம்பி நின்னுகினே கீறாரு" என்று அம்மா பின்னாலிருந்து கத்தினாள்.

"உங்களப் பாக்கணும்னுதான் வந்தேன்" என்றேன்.