பன்னிரண்டாம் கட்டிலின் பெல்

டெக்னீஷியன் மூன்றாவது முறையாக, கட்டில் பெல்களின் சிக்னலை வாங்கும் கார்டைக் கழற்றித் துடைத்து, நர்ஸ் மேஜையிலிருந்த லேப்டாப்பின் பக்கவாட்டில் செருகினான்.

"அழுத்துங்கக்கா."

வார்டு ஆயா முதல் கட்டிலின் பெல்லை அழுத்தினாள். லேப்டாப் வாயே திறக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். இந்தத் தடவை மணி அடித்தது.

"பாத்தியா தம்பி? பன்னெண்டாம் கட்டில் பெரியவர் பெல் அடிச்சாராம், நான் வரலையாம். அவரே எந்திரிச்சு விழுந்து காலை ஒடச்சுக்கிட்டாரு. மெமோ எனக்கு. மெஷின் தப்புன்னு நீ எழுதித் தரலன்னா இன்னிக்கோட வேலை போச்சு."

காலையிலிருந்து அவன் அந்தக் கார்டை லேப்டாப்போடு பேசவைக்கும் டிரைவர் புரோகிராமோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். பெல்லை அழுத்தினால் கார்டு ஒரு இன்டரப்ட் அனுப்பும். கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு என்னைக் கவனி என்று லேப்டாப்பைக் கூப்பிடுவது அது. வைஃபை கார்டும் அதே வழியில்தான் கூப்பிட்டது. இரண்டும் சேர்ந்து கூப்பிட்டால் வைஃபையை மட்டும் கவனித்துவிட்டு லேப்டாப் சும்மா இருந்துவிடும். எந்தப் புண்ணியவான் எழுதினானோ என்று பற்றிக்கொண்டு வந்தது.

கூப்பிடட்டும் என்று காத்திருக்காமல், நொடிக்குப் பத்து முறை லேப்டாப்பே கார்டைக் கேட்கும்படி டிரைவரை மாற்றினான். ஆயா ஐம்பது முறை அழுத்தினாள். ஐம்பதும் அடித்தது. "அப்பாடா" என்று ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

சத்தம் கேட்டு ஆஸ்பத்திரி மேனேஜர் வந்தார்.

"யாரைக் கேட்டு மாத்தினே? டிரைவர்ல கை வெச்சா வாரண்டி போயிடும். பழையபடி வை."

"பழையபடி வெச்சா பெல் தவறும் சார்."

"மணி அடிக்குதா, இல்லையா?"

"சில நேரம் அடிக்குது."

"அப்ப அடிக்குதுன்னு எழுது."

ரிப்போர்ட்டில் மேனேஜரின் கையெழுத்து இல்லாமல் அவனுக்கு அன்றைய கூலி கிடையாது. மாற்றியதை அழித்தான். 'பரிசோதித்தேன். மணி அடிக்கிறது' என்று எழுதினான். ஆயாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"அடுத்த ஆள் வர்ற வரைக்கும் ட்யூட்டி பாரும்மா" என்று சொல்லிவிட்டு மேனேஜர் ரிப்போர்ட்டோடு போனார்.

ஆயா எழுந்தாள். முதல் கட்டிலில் நின்று, "ஏதாவது வேணுமாங்க?" என்றாள். பிறகு இரண்டாம் கட்டில். பிறகு மூன்றாவது. அவன் பையைக் கட்டி முடிப்பதற்குள் பன்னிரண்டாம் கட்டிலுக்கு வந்திருந்தாள்.

"தண்ணி கேட்டு எவ்வளவு நேரமா அழுத்துறேன்" என்றார் கால்கட்டோடு படுத்திருந்த பெரியவர். கட்டைவிரல் இன்னும் பெல்லின் மேல்தான் இருந்தது.